முதல்ல டீ குடிங்க

பம்ப் கம்பெனிக்குள் இயங்கிய பொறியாளர் சங்கக் கிளையில் வெள்ளிக்கிழமைதோறும் தலைமைப் பயிற்சி நடக்கும். ஒருவர் மேலாளராக நடிப்பார், இன்னொருவர் வேலை பறிபோகிறவராக. தமயந்தி மேலாளரானால் எதிரில் இருப்பவருக்கு முதலில் டீ கொடுப்பாள். டம்ளர் காலியாகும்வரை கெட்ட சேதியை வாயில் எடுக்கவே மாட்டாள்.

"அடுத்த மேலாளர் நீங்கதாம்மா" என்பார் கிளைத் தலைவர் பொன்னரசு. அவள் நடிப்பதை ஒன்றுவிடாமல் செல்போனில் பதிவு செய்துகொள்வார்.

மேலாளர் அறைக்கு அவளைக் கூப்பிட்ட அன்று, பதவிதான் என்று நம்பிப் பட்டுப்புடவையில் போனாள். நாற்காலியில் ஆள் இல்லை. மேசைமேல் ஒரு திரை இருந்தது. பொன்னரசு அவள் முகத்தைப் பார்க்காமல் டீயை வைத்தார்.

"உட்காருங்க தமயந்தி. முதல்ல டீ குடிங்க" என்றது திரை. அவளுடைய குரல்.

அவள் பொன்னரசு பக்கம் திரும்பினாள். "பதிவு பண்ணி என்னையே இந்த மெஷினுக்குக் கொடுத்துட்டீங்களா சார்?"

"சங்கத்துல எல்லாரும் சேர்ந்துதாம்மா முடிவெடுத்தோம்" என்று முணுமுணுத்துவிட்டு அவர் வெளியே போய்விட்டார்.

தமயந்தி டம்ளரைத் தொடவில்லை. திரை பொறுமையாகக் காத்திருந்தது, அவள் கற்றுக்கொடுத்தபடியே.

சாயங்காலச் சங்கு ஊதியபோது டீயில் ஏடு கட்டியிருந்தது. அவள் இன்னும் வேலையில்தான் இருந்தாள்.