தண்ணி சரியாயிடுச்சா?

மாயவன் டம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினான்.

பெரம்பலூர் வாட்டர் ஃபில்டர் கடையிலிருந்து வந்திருந்த ஜெனிதா, பேனா மாதிரி இருந்த உப்பு மீட்டரை அதற்குள் விட்டாள். பரீட்சை முடிவு பார்க்க வந்தவன் போல அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற யூவி மெஷின் இந்த வீட்டுக்குச் சரிப்படுமா, சரிப்படாதா? இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும். சரிப்பட்டால் பொண்டாட்டி ஜோதி வருவாள். கூடவே மகன் வருவான். மாயவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாசமாக இருந்தபோது ஜோதிக்கு மஞ்சள்காமாலை வந்தது. தண்ணீரால் வந்திருக்கும் என்றார் டாக்டர். மறுநாளே அவளுடைய அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்து திருமானூருக்கு அழைத்துப் போய்விட்டார். வளைகாப்பு, பிரசவம், பேர் வைத்தது எல்லாம் அங்கேதான். பையன் இப்போது தவழ்கிறான்.

ஞாயிற்றுக்கிழமையானால் மாயவன் பைக்கை எடுத்துவிடுவான். ரஞ்சன்குடியிலிருந்து பெரம்பலூர் தாண்டி, அரியலூர் தாண்டி, கொள்ளிடக்கரையில் இருக்கும் திருமானூர் வரைக்கும் வெயிலோடு போவான். மாமியார் நாற்காலி போடுவார், கறிக்குழம்பு வைப்பார். இவன் சாப்பிடுவான், பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சுவான், பொழுது சாயக் கிளம்புவான். வாசல் வரைக்கும் வரும் ஜோதியிடம், எப்ப வர்றே என்று ஒரு கேள்வி.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அங்க தண்ணி சரியாயிடுச்சா என்பாள்.

போதாதா? மனுசன் தண்ணீரைப் பிடித்துக்கொண்டான். தொட்டியைத் தேய்த்துக் கழுவினான். குழாயை மாற்றினான். ஓட்டுவது லோடு ஆட்டோ, ஆனால் வாடகை வராத நேரமெல்லாம் போனில் பார்த்தது தண்ணீர் சுத்தம் செய்கிற வீடியோதான்.

ஜோதி வீட்டில் விட்டுப்போன நைட்டி ஒன்று இன்னும் கொடியில் கிடக்கிறது, எடுத்து மடிக்க மனசு வரவில்லை. பொண்டாட்டி வேணும், புள்ள வேணும். படுத்தால் இதே நினைப்புதான். வெளியே சொன்னால் கூட ஓட்டுகிற பயல்கள் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

ஜெனிதா மீட்டரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, வெள்ளை படிந்திருந்த சோற்றுப்பானையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள். யூவி என்றால் உள்ளே ஒரு விளக்கு. அந்த ஒளி கிருமியைக் கொல்லும், உப்பை ஒன்றும் செய்யாது. இந்தப் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பு ஜாஸ்தி. விளக்கை மூடியிருக்கும் கண்ணாடிக் குழாய் மேல் அது படிந்துவிட்டால் ஒளி தண்ணீருக்குள் இறங்காது. மெஷின் பாட்டுக்கு ஓடும், கிருமி பாட்டுக்கு இருக்கும். முதலில் உப்பை எடுக்க வேறு மெஷின் போட வேண்டும், கடையில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் கொதிக்க வைத்தே குடிங்க. வெறும் யூவி இந்த வீட்டுக்கு வேண்டாம் அண்ணே என்று முடித்தாள்.

பாவி, பொய் சொல்லியாவது மாட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா என்று இருந்தது மாயவனுக்கு.

அவள் வண்டி தெருமுனை திரும்பியதும் ஜோதிக்குப் போன் போட்டான். விளக்கு, கண்ணாடி, சுண்ணாம்பு என்று கேட்டதையெல்லாம் தப்பும் தவறுமாக ஒப்பித்தான். தண்ணி சரியாக இன்னும் நாளாகும் போலிருக்கு என்றான்.

அந்தப் பக்கம் பிள்ளை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்த சத்தத்துக்கு மேலே ஜோதி சொன்னாள்:

"இங்க மட்டும் என்ன, ஆறு வூட்டுக்குள்ளயா ஓடுது? இங்கயும் போர் தண்ணிதான். நான் கொதிக்க வெச்சுத்தான் புள்ளைக்குக் குடுக்குறேன்."

மாயவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் எதற்கு இத்தனை நாளும் தண்ணி தண்ணி என்றாள்?

"புள்ள பொறந்து இத்தினி மாசமாச்சு. உங்க வூட்லேர்ந்து யாராச்சும் ஒரு முழம் பூ வாங்கிட்டு வந்து, எங்க புள்ளையையும் மருமவளையும் அனுப்பி வைங்கன்னு எங்கம்மாகிட்ட கேட்டீங்களா? நானா பையத் தூக்கிட்டு வந்து நிக்கவா?"

அட, ஆமாம்.

பிரசவத்துக்குப் போனவளைப் புருசன் வீட்டார் தட்டு வரிசையோடு போய்க் கேட்டு அழைத்து வர வேண்டும். எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். பெண்கள் முன்னால் நின்று செய்கிற காரியம் அது. மாயவனுக்கு அம்மா சின்ன வயசிலேயே போய்விட்டாள். அக்கா தங்கை கிடையாது. போய்க் கூட்டிட்டு வாடா என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத வீட்டில் அவனுக்கு அது தோன்றவேயில்லை. அவளும் வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டு வாங்கினால் அதில் என்ன மரியாதை?

அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் அவள் வாசல் வரைக்கும் வந்து நின்றது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். இவன் ஒவ்வொரு தடவையும் வண்டியை உதைத்துக்கொண்டு கிளம்பி வந்திருக்கிறான்.

"புதன்கிழமை வரேன்," என்றான். "உன்னைக் கூட்டிட்டு வர வரேன்."

ஜோதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எத்தனை பேர் வருவீங்க, சோறாக்கணுமில்ல என்று கேட்டாள்.

அஞ்சு பேர் என்றான் மாயவன்.

போனை வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவின் கதவைத் தட்டினான். அந்த அஞ்சு பேரில் ஒருத்தரைக்கூட அவன் இன்னும் கேட்டிருக்கவில்லை.