பறவை இறங்காத தண்ணீர்

"தட்டைக் குடுப்பா," என்று மேலாளர் கையை நீட்டினார்.

டமாரம் தகரத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குளத்தில் பறவை இறங்காமல் தட்டி விரட்டுவதுதான் அவன் வேலை. அந்தப் பெயரும் அதனால் வந்ததுதான்.

"இறங்கினா செத்துரும் சார். போன மழைக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் படுத்துட்டேன். மறுநாள் சாக்குல அள்ளினேன்."

"எல்லாம் எனக்கும் தெரியும். ஒரே ஒரு படம். உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். டமாரம் தட்டைக் கொடுத்தான். மேலாளர் அதை ஜீப்புக்குள் போட்டு, தானும் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கல்நெஞ்சக்காரன் என்று டமாரம் மனதுக்குள் திட்டினான்.

யுரேனியச் சுரங்கத்தின் கழிவுநீர்க் குளம் அது. குளத்தின் மேல் படிந்த மூடுபனியில் வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் கரையில் மண்டியிட்டிருந்தார். ஆண்டறிக்கையின் அட்டைக்குப் பறவைகள் வேண்டுமாம். பறவை நீந்தினால் தண்ணீர் சுத்தம் என்று ஊர் நம்பிவிடுமாம்.

வந்தன. வெள்ளை வெள்ளையாக, சத்தமில்லாமல், யாரோ காணும் கனவுக்குள்ளிருந்து வருவதுபோல. ஒரு சுற்று சுற்றின. அடுத்த சுற்று இன்னும் தாழ்வாக. பிறகு தண்ணீரை நோக்கிக் கால்களை நீட்டின.

தட்டி விரட்ட டமாரத்தின் கைகள் தாமாகவே ஒன்றையொன்று தேடின. இரண்டையும் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினான்.

நீளமாக ஒரு ஹாரன். நிற்கவே இல்லை.

கண்ணைத் திறந்தபோது பறவைகள் மலைக்கு மேல் புள்ளிகளாகிக்கொண்டிருந்தன. ஜீப்பில் மேலாளர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தார். புகைப்படக்காரர் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மன்னிக்கணும், கொஞ்சம் கண் அசந்துட்டேன்," என்று மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிரண்ட பறவை இனி இன்று திரும்பாது என்றும் சொன்னார்.

இப்படியும் ஒரு தூங்குமூஞ்சி உண்டா என்று முணுமுணுத்தபடி புகைப்படக்காரர் கேமராவை மூட்டை கட்டப் போனார்.

தட்டை எடுக்க டமாரம் ஜீப்புக்குள் தலையை விட்டான். மேலாளர் மலைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் புள்ளியும் மறைந்தது. அந்தக் கண்களில் தூக்கத்தின் சுவடே இல்லை.

தட்டை அவரே எடுத்து நீட்டினார்.

"நாளையிலேர்ந்து நல்லாத் தட்டுப்பா. தினமும் என்னால தூங்கிட்டிருக்க முடியாது."