இரண்டு திருமாறன்கள்

"பிரபஞ்சத்தையே எடைபோடப் பிறந்தவன் நான். நான் என்ன படிக்கணும்னு நாற்பது வயசுத் திருமாறன் யார் எனக்குச் சொல்ல?" என்று சிரிக்காமல் கேட்டான் திருமாறன்.

ஆனால் விண்ணப்பத்தை முடிக்குமுன் ஒவ்வொரு படிப்பையும் எடுத்தால் நாற்பது வயதில் என்னவாகியிருப்பானோ, அந்த எதிர்காலத் திருமாறனோடு போனில் பேசிவிட வேண்டும் என்பது கவுன்சிலிங் விதி. போன வாரம் அப்படிப் பேசிவிட்டுத்தான் நண்பன் ஜெபஸ்டின் இயற்பியலை விட்டு மருத்துவத்துக்கு மாறினான். "கோழைப்பய, ஊர் மூக்கைத் துடைக்கப் போறான்" என்று வகுப்பு முழுக்கப் பரப்பியது திருமாறன்தான்.

அம்மா இருமிக்கொண்டே வந்து ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

முதலில் டாக்டர் திருமாறன் பேசினார். அம்மாவிடம் இருந்தது ஒரே கேள்வி. "சாப்பிட்டியாப்பா?"

"இப்பத்தானேம்மா தோசை சுட்டுப் போட்டு அனுப்பினே? பேஷன்ட் காத்திருக்காங்க, வை!" என்று எரிந்து விழுந்தார் டாக்டர்.

"டாக்டரானா திமிரு வந்துடும் போல" என்றாள் அம்மா.

அடுத்து இயற்பியல் பேராசிரியர். கருந்துளைகளைப் பற்றிக் குழந்தை மாதிரிக் குதூகலமாகப் பேசினார். திருமாறன் சொக்கிப்போனான். நடுவில் அம்மா புகுந்தாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும். சாப்பிட்டியாப்பா?"

 போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அம்மா... இன்னொரு தடவை கேளும்மா."

அம்மா கேட்டாள். பேராசிரியர் விசும்பி விசும்பி அழுதார்.

"எவ்வளவு பாசம் பாரு! நீ பிசிக்ஸே எடுத்துக்கடா" என்று பூரித்துப்போய், இருமிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள் அம்மா.

அந்த இருமல் ஓயும்வரை திருமாறன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சத்தமில்லாமல் விண்ணப்பத் திரையில் மருத்துவத்தைத் தொட்டான்.