கற்றறிந்த நண்பர்

"என் கற்றறிந்த நண்பருக்கு ஆட்சேபணை இருக்காது என்றே நினைக்கிறேன், ஐயா."

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வேறு வக்கீல் யாராவது வந்து நிற்கிறாரோ என்று.

யாரும் இல்லை. அவளைத்தான் சொல்கிறார்.

சொன்னவர் தெய்வசிகாமணி. குடும்ப நீதிமன்றத்தில் மூத்த வக்கீல். எதிரே நிற்கும் வக்கீலை அப்படிச் சொல்வது கோர்ட்டு வழக்கம். சட்டம் தெரியாதவர்களையும் அப்படித்தான் சொல்வார்கள். நேற்று கோட்டு போட்ட பையன்களைக்கூட அவர் நண்பர் என்று சொல்லி இவள் கேட்டிருக்கிறாள்.

இவளை மட்டும் எதிர்த்தரப்பு என்பார்.

வக்கீல் சங்கத்துக்கு வந்த முதல் நாள் அவர்தான் கூப்பிட்டு விசாரித்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னாள். நல்லது என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

இன்று அவருக்கு வாய்தா வேண்டும். மகள் கல்யாணம். கோடை விடுமுறை முடிந்து ஒரு தேதிக்குத் தள்ளினால் போதும் என்கிறார்.

கல்யாணத்துக்குக் கேட்கும் வாய்தாவை யாரும் மறுப்பதில்லை. மறுத்தால் சங்கத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். நாளைக்கு இவளே காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு தேதி தள்ளிக் கிடைக்காது.

கல்யாணப் பத்திரிகையைப் போன வாரம் சங்கத்தில் அவர் மேசை மேசையாகப் போய்க் கொடுத்தார். டைப்பிஸ்ட்டுக்கும் கொடுத்தார். இவள் மேசைக்கு வந்தபோது போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மறுத்தால் பத்திரிகை வைக்காத கோபம் என்பார்கள்.

கோபம் இருந்தது உண்மைதான்.

பின் பெஞ்சில் பவளக்கொடி உட்கார்ந்திருந்தாள். இவளுடைய கட்சிக்காரி. தன் குழந்தையைக் கேட்டு வழக்குப் போட்டவள். குழந்தை புருஷன் வீட்டில் இருக்கிறது. வாய்தா மேல் வாய்தாவாக அங்கேயே வளர்கிறது.

போன மாதம் கோர்ட்டு வராண்டாவில் வைத்துக் காட்டினார்கள். அது அத்தையின் முந்தானையை விட்டு வரவில்லை. பவளக்கொடி கொண்டுவந்த பிஸ்கட்டை அத்தைதான் வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூனில் வெளியூரில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம். சேர்த்துவிட்டால், இனி இடம் மாற்றினால் படிப்பு கெட்டுப்போகும் என்பது புருஷன் தரப்பில் தெய்வசிகாமணி வைக்கப்போகும் அடுத்த வாதம். இவளுக்கு அது இப்போதே மனப்பாடம்.

நீதிபதி பேனாவைத் திறந்துவிட்டார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

நண்பர் என்ற சொல் இன்னும் காதில் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி இருந்ததே அவளுக்கு அவமானமாகவும் இருந்தது.

பக்கத்து நாற்காலி வக்கீல் அவள் கவுனை லேசாக இழுத்தார். விட்டுக்கொடுத்துவிடு என்று அர்த்தம். நல்லதுக்குத்தான் இழுத்தார்.

"ஆட்சேபணை இருக்கிறது, ஐயா. வழக்கை இன்றே கேட்க வேண்டும்."

தெய்வசிகாமணி சிரித்தார். இவளைப் பார்த்து அல்ல, நீதிபதியைப் பார்த்து. எதிர்த்தரப்புக்கு நடைமுறை இன்னும் பிடிபடவில்லை என்றார்.

நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டினார். முந்தைய வாய்தாக்கள் ஒவ்வொன்றின் மீதும் அவர் விரல் நின்று நின்று போனது. பிறகு மதியம் விசாரணை என்று எழுதினார்.

அவள் வெளியே வந்தாள்.

வராண்டாவில் நின்றிருந்த வக்கீல்கள் வழிவிட்டார்கள். தேவைக்கு அதிகமாகவே விட்டார்கள்.

பவளக்கொடி பின்னாலேயே ஓடிவந்தாள். மதியமே கேட்கப்போகிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. எதிராளியோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும் வக்கீல்களைப் பற்றி யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

"அந்த வக்கீலு உங்கள நண்பர்னு சொன்னாருங்களே. அப்படிங்களா?"

அவள் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் இருந்தாரு" என்றாள்.