பழைய சாவி

"பூட்டு திறந்துடுச்சு. சத்தம் கேட்டுச்சே," என்றார் சாவிக்காரர், கையிலிருந்த அரத்தைக் கீழே வைக்காமலே.

"திறக்கல மாமா. சாவி உள்ளே போச்சு, அவ்வளவுதான்," என்றாள் தம்பி மனைவி.

நேற்று முடிந்த டி.வி. தொடரைப் பற்றித்தான் தகராறு. காணாமல்போன கணவன் பல வருஷம் கழித்து வந்து, வாசல் பூட்டில் தன் பழைய சாவியை நுழைக்கிறான். உடனே திரை இருண்டுவிட்டது. முந்நூறு நாள் அழவைத்தவர்களுக்கு இன்னும் மூன்று நொடி காட்ட மனம் வரவில்லை.

வீட்டை விற்றுக் கொடுக்க வந்திருந்த புரோக்கர், அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரண்டு பேருக்கும் தலையாட்டினார். தொழில் பழக்கம்.

அவளுக்கு இது வெறும் கதை இல்லை. அவள் புருஷன் அண்ணனான இந்தச் சாவிக்காரரோடு சண்டை போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒன்பது வருஷம். கோர்ட்டுக் காகிதப்படி அவன் செத்தாகிவிட்டது. கடையும் வீடும் சேர்ந்த இந்தக் கட்டடத்தை விற்றால், அக்கா ஊருக்குப் போய் அவள் புதிதாக ஆரம்பிக்கலாம். மூத்தவரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"அந்தப் பொண்ணு எப்பவோ பூட்டை மாத்தியிருப்பா மாமா. எத்தனை நாள்தான் காத்திருப்பா?"

"மாத்தல. முப்பது வருஷமா பூட்டு சத்தத்துலதான் சோறு சாப்பிடறேன். கடைசியா 'டக்'னு ஒண்ணு கேட்டுச்சு பாரு, அது பூட்டு நாக்கு பின்னால போற சத்தம். அவன் உள்ளே வந்துட்டான்மா." அரத்தால் வாசல் பூட்டைக் காட்டினார். "நம்மாளும் சாவியை எடுத்துட்டுத்தானே போனான்? நீ சிவப்பு நூல் கட்டிக் கொடுத்த சாவி. நாளைக்கு வந்து நிக்கறப்ப பூட்டும் இல்ல, வீடும் இல்லன்னா?"

புரோக்கர் மெல்லக் கனைத்தார். வாங்குகிறவர் அவசரப்படுவதாகவும், எல்லாவற்றையும் இடித்துவிட்டு, கார் நிறுத்தக் கீழே பத்தடி தோண்டப்போவதாகவும் சொன்னார்.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார்.

அவள் வாசல் பூட்டைப் பார்த்தாள். ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல் மூத்தவர் எண்ணெய் விட்டு வந்த அதே பூட்டு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்ண்ணே. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கறேன்," என்றாள் புரோக்கரிடம்.

படியிறங்கிய புரோக்கர் திரும்பி நின்றார். "உங்களை மாதிரி ஒரு அண்ணன் யாருக்கு வாய்க்கும்?" என்றார். கமிஷன் போன பிறகும் அவர் மனதாரச் சொன்ன வார்த்தை அது.

கொல்லைப்புறத்தில் அவள் துணி துவைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அது நிற்காமல் கேட்கிறதா என்று ஒரு நிமிஷம் கவனித்துவிட்டு, சாவிக்காரர் அடி இழுப்பறையைத் திறந்தார்.

அந்தத் துவைகல்லுக்கு அடியில் தம்பியைப் புதைக்குமுன் அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்த சாவிக்கு, நூல் நனையாமல், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.