இரண்டு மணிக் கப்பல்

"பன்னிரண்டு மாடிக் கப்பல். அதை எந்தச் சீலைக்குள்ள ஒளிச்சு வைச்சனீர்?"

கேட்டுவிட்டுக் கிருஷாந்த் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரெட்ரிக் கோட்டைக்குள் ஓர் ஆலமரத்தடியில் இருந்தோம். இரண்டு மான்கள் வந்து எங்கள் கச்சான் கடலைக் கோதுகளை மோந்து பார்த்தன. இதுகளிடம் ஒன்றும் பெயராது என்று போய்விட்டன.

நான் சொன்னது சின்னப் பொய்தான். அவர் வேலை செய்யும் சுற்றுலாக் கப்பல் காலை எட்டரைக்குத் துறைமுகத்துக்குள் வரும். மாமியிடம், அதாவது அவருடைய அம்மாவிடம், இரண்டு மணிக்கு என்று சொல்லியிருந்தேன். தையல்காரியிடம் பிளவுஸ் எடுக்க வேண்டும் என்று எட்டு மணிக்கே வீட்டை விட்டு வெளிக்கிட்டேன்.

வேறு என்ன செய்ய?

கலியாணம் கட்டிப் பத்தொன்பதாம் நாள் கப்பலேறிய மனிசன். எட்டு மாதமாக, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு வீடியோ அழைப்பு. கப்பலில் இணையம் யானை விலை என்பதால் அந்த ஒன்றுதான். அதுவும் மாமியின் போனுக்கு. மாமி பேசி, எங்களோடு இருக்கும் மாமியின் தம்பி தவராசா மாமா பேசி, பக்கத்து வீட்டுச் சனம் பேசி, தேர் மாதிரி வீட்டைச் சுற்றிவிட்டுப் போன் என் கைக்கு வரும். "சரி, வைக்கட்டே?" என்பார்.

இன்றைக்கு அவருக்கு ஐந்து மணி வரை லீவு. நேரே வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாமி சோற்றைக் குழைத்து அவருக்குத் தீத்துவார். மாமா கப்பலின் நீள அகலம் விசாரிப்பார். நான் குசினிக்கும் ஹோலுக்குமாகத் தேத்தண்ணி காவுவேன். ஐந்து மணியாகிவிடும்.

கப்பலில் பயணிகளுக்குக் கொடுத்த தாள் ஒன்றை அவர் மடித்துக் கொண்டுவந்திருந்தார். திருகோணமலையில் ஒரு நாள். கோட்டை, கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், உப்புவெளிக் கடற்கரை. ஒரு நிமிடத்தையும் வீணாக்காதீர்கள் என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

நாங்கள் கோட்டை வாசலைத் தாண்டி, வசதியான முதல் மரத்தடியிலேயே குந்திவிட்டோம். மூன்று மணித்தியாலத்தை ஆசை தீர வீணாக்கினோம்.

கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியதை இன்றைக்குத்தான் அவருக்குச் சொன்னேன். ஊருக்கே கேட்கும் போனில் அதையெல்லாம் சொல்ல ஏலுமா? வாயைத் திறவும் என்றார். திறந்தேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த ஓட்டையை அவ்வளவு கவனமாகப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் கப்பலை எங்கே ஒளித்தீர் என்று கேட்டிருக்க வேண்டும். அது சரியான இடத்தில் குத்தியது.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில்லில். ஹோல் யன்னலைத் திறந்தால் துறைமுகம். ஒரு வள்ளம் அசைந்தாலே தெரியும். தையல்காரிக்குக்கூடச் சொல்லி வைத்த மண்டைக்கு, யன்னல் ஞாபகம் வரவில்லை!

"அம்மாவுக்குத் தூரத்துப் பார்வை குறைவுதானே" என்று அவர் தேற்றினார். போனைப் பார்த்தேன். ஒரு அழைப்பும் இல்லை. கண்டிருந்தால் இதற்குள் பத்து வந்திருக்கும்.

நெஞ்சு ஆறியது. ஆனாலும் வெட்கமாக இருந்தது. பெற்ற தாய். எட்டு மாதமாக நாளை எண்ணிக்கொண்டிருந்தவர். அவருடைய காலைப்பொழுதை நான் களவெடுத்துக்கொண்டு மரத்தடியில் கச்சான் தின்கிறேன்.

சரியாக இரண்டு மணிக்கு ஓட்டோ வீட்டு வாசலில் நின்றது. மாமி ஓடிவந்து மகனின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எட்டுக் கிலோ கூடி வந்தவரைப் பார்த்து, மெலிந்துபோனாயே என்று அழுதார்.

உள்ளே ஹோல் கும்மிருட்டு. ஒரே புழுக்கம். யன்னலை இறுக்கிச் சாத்தி, அதற்கு மேல் ஒரு பெட்ஷீட்டும் கட்டியிருந்தது.

தவராசா மாமா சேர்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இருந்தார். "எட்டரையில இருந்து அவியிறன், பிள்ளை. கொசு வருமாம் எண்டு யன்னலைத் திறக்க விடுறாவில்லை. பேப்பர் வாங்கக்கூட வெளியில விடேல்லை!"

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் ஓடினேன்.

குசினி யன்னல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. அதை ஒட்டி ஒரு கதிரை. வழமையாக அடுப்படியில் கிடக்கும் தேங்காய் திருவலை, கத்தி, வெங்காயத்தோல் எல்லாம் இன்று அந்தக் கதிரையடியில் கிடந்தன. எனக்கென்ன வயதா போயிற்று என்று மாமி ஒருநாளும் போடாத மூக்குக்கண்ணாடி யன்னல் விளிம்பில் இருந்தது.

கதிரையில் இருந்து பார்த்தேன். அந்த இரண்டு விரல் நீக்கலுக்குள் கப்பல் முழுசாகத் தெரிந்தது.

"பிளவுஸ் அளவு சரியே, பிள்ளை?"

பின்னால் மாமி. என் கையில் பிளவுஸும் இல்லை, பையும் இல்லை.

"ஓம், மாமி" என்றேன்.

மாமி மூக்குக்கண்ணாடியை எடுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்தார்.

"இனி எல்லா யன்னலையும் திறந்து விடு. கப்பல் வந்திட்டுதுதானே."