வெங்காயம் அழுகிய வருஷம்

"அப்பாகிட்ட மொத்தம் எத்தனை மாடு இருந்துச்சு?"

கேட்ட மாத்திரத்தில் தங்கை திரும்பிப் பார்த்த பார்வையில் அண்ணனுக்குக் காது சூடாகிவிட்டது.

"எந்த வருஷத்துல? எண்பத்து மூணு வயசு வரைக்கும் வாழ்ந்த மனுஷன். எத்தனையோ மாடு வந்துச்சு, போச்சு. நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறான். எண்ணியதில்லை.

அப்பா போய்ப் பத்து நாள் ஆகிறது. சாயங்காலம் விவசாயிகள் சங்கக் கூடத்தில் இரங்கல் கூட்டம். மகன்தான் கடைசியாகப் பேச வேண்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பேச்சு அவனுக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷமாக தினமும் காலை ஆறு மணிக்கு ரேடியோவில் விவசாயிகளுக்கு யோசனை சொல்பவன். கரும்பிலிருந்து காளான் வரை எதைக் கேட்டாலும் கடகடவென்று கொட்டுவான். ஆனால் சொந்த அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகியும், காகிதத்தில் 'என் தந்தை சிறந்த உழைப்பாளி' என்ற ஒரு வரிதான் இருந்தது. அதை யாருடைய தந்தைக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

"நீயே சொல்லேன். கூடவே இருந்தவ நீதானே" என்றான், குரலை இறக்கி.

தங்கை கிழிந்த சாக்கு ஒன்றை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இல்லாத வீட்டிலும் நெல் வந்து இறங்கத்தான் போகிறது.

"எழுதிக்கோ. பன்னெண்டு வயசுல தாத்தா போனதும் படிப்பை விட்டுட்டு வயல்ல இறங்கினாரு. அன்னையிலிருந்து ஒரு நாள் லீவு கிடையாது. என் கல்யாணத்தன்னிக்குக்கூட தண்ணி பாய்ச்சிட்டு, சேத்துக் காலோடதான் வாசல்ல வந்து நின்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவருகிட்டயே போய், 'பொண்ணோட அப்பா எங்கேப்பா'ன்னு கேட்டாங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'உள்ள இருக்காரு, உக்காருங்க'ன்னுட்டு கால் கழுவப் போயிட்டாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், அன்று தானும் அந்தச் சேற்றுக் காலைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல வேறு பக்கம் நகர்ந்துகொண்டது அண்ணனுக்கு நினைவு வந்தது. குனிந்து எழுதினான்.

"அப்புறம்?"

"அப்புறமென்ன, மண்ணை ஒரு கை அள்ளி மோந்து பார்த்தே விதைக்கலாமா வேணாமான்னு சொல்லிடுவாரு. எழுபது வருஷத்துல ஒரு தடவைகூட அவரு கணக்கு தப்பினதில்லை."

"ஒரு தடவை தப்பிடுச்சே" என்றான் அண்ணன். "வெங்காயம்."

தங்கையின் கையில் ஊசி நின்றது.

நாலு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அறுவடை நெருங்கிவிட்டால் வெங்காயத்துக்குத் தண்ணீர் காட்டக்கூடாது. காட்டினால் எடுத்து வைத்த இடத்தில் அழுகிவிடும். வெங்காயம் போடுகிற யாருக்கும் இது பாலபாடம். அப்பாவோ கடைசி வாரத்தில் வயல் முட்டத் தண்ணீர் விட்டார். கொட்டகை நிறைய வெங்காயம் அழுகி, நாற்றம் தாங்காமல் குழி வெட்டிப் புதைத்தார்கள். ஒரு வருஷப் பாடு மண்ணோடு போயிற்று.

போனில் விஷயத்தைக் கேட்டதும் அண்ணன், "இது கூடவா தெரியாது? இத்தனை வருஷம் என்னத்தை விவசாயம் பண்ணீங்க?" என்று எரிந்து விழுந்தான். அப்பா சிரித்தார். "வயசாயிடுச்சுல்லப்பா" என்றார்.

அதோடு விட்டானா? மறுவாரமே ரேடியோவில், 'எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர்' என்று ஆரம்பித்து அதையே வேடிக்கைக் கதையாகச் சொன்னான். அப்பா ஒரு நாளும் அவன் நிகழ்ச்சியைத் தவறவிட்டதில்லை. இதையும் கேட்டிருப்பார். இப்போது நினைத்தாலும் அவனுக்கு உடம்பு கூசியது.

"சபையில மன்னிப்புக் கேக்கப் போறேன்" என்றான். "எழுதிட்டேன், கேளு. 'எத்தனை அனுபவசாலியும் ஒரு நாள் தவறுவார். என் அப்பாவும் தவறினார். அதற்காக அவரை ஏளனம் செய்தேன். அது என் தவறு.' எப்படி இருக்கு?"

"அதை எடுத்துடு."

"ஏன்? என் தப்பையும் சேர்த்துத்தானே சொல்றேன்?"

"எடுத்துடுண்ணே. அவரு தவறினாருன்னு மட்டும் அந்தக் கூடத்துல சொல்லாதே. அங்க உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

தங்கை சாக்கை ஒதுக்கி வைத்தாள். சட்டென்று அவள் கண் கலங்கிவிட்டது.

"உன் காதுக்குப் போகக் கூடாதுன்னு எங்க எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கியிருந்தாரு. அவரே போனப்புறம் என்ன சத்தியம்? 'அறுவடைக்கு முந்தின வாரமும் விடாம தண்ணி விடுங்க, வெங்காயம் நல்லாப் பெருக்கும்'னு அந்தக் கடைசி வாரத்துல ஒரு நாள் காலையில ரேடியோவுல வாய் தவறி மாத்திச் சொன்னது நீதாண்ணே."

அண்ணன் பேனாவை எடுத்து 'என் அப்பாவும் தவறினார்' என்ற வரியை அடித்தான்.

"அதைக் கேட்டதுமே சைக்கிளை மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு தோட்டமாப் போனாரு. 'என் பையன் சொன்னது சரிதான், ஆனா உங்க மண்ணுக்கு ஒத்துவராது, தண்ணி விட்டுடாதீங்க'ன்னு எல்லாருகிட்டயும் சொன்னாரு. 'அப்ப உங்க மண்ணுக்கு?'ன்னு ஒருத்தன் மடக்கினான். 'எனக்கு ஒத்துவரும்'னு அவனைக் கையோட கூட்டிட்டு வந்து, அவன் பார்க்கப் பார்க்க நம்ம வயலுக்கு மடையைத் திறந்துவிட்டாரு."